மனவடுவா, மனக்காயமா?

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் போன வாரம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘குழந்தைகளின் மனவடுவைக் குணப்படுத்துவோம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெரும் துயரமோ பயமோ மனத்தில் உண்டாக்கும் பாதிப்பை ஆங்கிலத்தில் ‘ட்ராமா’ (trauma) என்பார்கள். அதற்கு இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. வடுவை எப்படிக் குணப்படுத்துவது?

ட்ராமா கிரேக்கச் சொல், பொருள் காயம். முதலில் உடம்புக்கு வழங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் வந்தது.

வடு என்பது புண் ஆறி முடிந்தபின் தங்கும் தழும்பு. அங்கே மருந்து போட ஒன்றுமில்லை. குறளில் வரும் வடுவோ ஆறவே ஆறாதது. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்று ஒரே குறளில் (129) இரண்டு சொற்களும் நிற்கின்றன. ஆறிப்போவதால் ஒன்றைப் புண் என்றும், ஆறாமல் கிடப்பதால் மற்றதை வடு என்றும் வள்ளுவர் சொன்னார் எனப் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். ஆறாததற்கு உரிய சொல்லைத் தேடிப் பிடித்து, தேறி வரக்கூடிய ஏழு வயதுப் பிள்ளைக்குச் சூட்டுவது என்ன நியாயம்? அதைப் படிக்கும் தாய் என்ன நினைப்பாள்?

ஈழத்தில் போர்க்காலத்திலிருந்தே மனவடு வழங்கி வருகிறது. அந்த வழக்கை மதிக்கிறேன். ஆண்டுக்கணக்காகச் சுமந்து திரியும் பெரியவர்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் அதே மண்ணில், மட்டக்களப்பில், 1996இல் தொடங்கிய ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ என்ற சிறுவர் மையத்தில் போர் பாதித்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் களிமண்ணும் வண்ணமும் கதையுமாகச் சேர்ந்து விளையாட விட்டார்கள். ஆறும் என்று நம்பியவர்கள் செய்த வேலை அது.

‘அதிர்ச்சி’யும் உதவாது. தங்கம் விலை ஏறினாலும் செய்தித்தாளில் ‘பொதுமக்கள் அதிர்ச்சி’தான். அதிர்ச்சி அந்த நேரத்தோடு போய்விடும்; இது அப்படிப் போவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம் ஒன்றில் ஒரு சிறுவனைப் பார்த்தேன். மணலில் வீடு கட்டுவான், ‘அலை வருது’ என்று காலால் அழிப்பான், மறுபடி கட்டுவான். வாரக்கணக்காக இதே ஆட்டம். அவனுடைய ஆயா தடுக்காமல், ‘என்னடா பார்த்தே, சொல்லு’ என்று குடையாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு சொன்னது 2011இல்.

மனப்புண் என்று சொல்லலாம்தான். ஆனால் ‘மனம் புண்படும்படி பேசாதே’ என்று சொல்லிச் சொல்லி அதன் கனம் குறைந்துவிட்டது. மனக்காயம் போதும். காயம் தமிழ்தானா என்று கேட்கும் தனித்தமிழ் அன்பர்களுக்கு என் பதில்: முட்டியில் சிராய்த்துக்கொண்ட பிள்ளைக்கும் புரிகிற சொல் அது. கட்டுப் போடணும், கிளறக் கூடாது, ஆறும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும்.

கூடவே இன்னொன்று. பிள்ளை இதிலிருந்து குணமாவதை ‘மீட்பு’ என்று எழுதுகிறார்கள். கிணற்றில் விழுந்தவரை மீட்கலாம், அடகு நகையை மீட்கலாம். பிள்ளை தேறும். முகாமில் அந்த ஆயாவிடம் எல்லோரும் கேட்டது, ‘புள்ள தேறிடுச்சா?’ என்றுதான்.