ஆர்வெல் ஜோசியர் இல்லை, பிள்ளைகளே

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆங்கில இலக்கிய டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஆறாம் படிவப் பையன் ஒருவன் கட்டுரையை நீட்டினான். கொடுமையான கற்பனை உலகைக் காட்டும் டிஸ்டோபியா நாவல்களில் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' மட்டும் இவ்வளவு பேசப்படுவது ஏன் என்று கேட்டிருந்தேன். 'ஆர்வெல் எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தார்' என்று முதல் வரியிலேயே தீர்ப்பு. இந்த ஆண்டில் இது ஏழாவது கட்டுரை, வரிகூட மாறவில்லை.

"நாவலைப் படிச்சியாப்பா?"

"சுருக்கம் பார்த்தேன், டீச்சர்."

சரி, இந்த ஜோசியக் கதையை இன்றோடு முடித்துவிடுவோம்.

கணிப்புக்குத்தான் புகழ் என்றால், அது 1909இல் வந்த இ. எம். ஃபாஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' கதைக்குப் போயிருக்க வேண்டும். அதில் ஆளுக்கொரு அறையில் பூமிக்கடியில் அடைந்து கிடக்கிறார்கள். ஒரு தாய் மகனின் முகத்தைத் திரை போன்ற தட்டு ஒன்றில் பார்த்துப் பேசுகிறாள். நேரில் வாங்கம்மா என்று அவன் கூப்பிட்டால் சலித்துக்கொள்கிறாள். நம் வீட்டுக் கூடத்தில் தினமும் நடப்பதுதான். என் வகுப்பில் அந்தக் கதையை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆர்வெலோ ஜோசியம் பார்க்கவே இல்லை. ஸ்டாலினின் ரஷ்யாவையும், போர்க்காலத்தில் பிபிசியில் வேலை பார்த்தபோது கண்டதையும், பங்கீட்டுக் கடை லண்டனையும் வைத்துத்தான் எழுதினார். நேற்றும் இன்றும்தான் அந்தப் புத்தகம்.

அப்புறம் ஏன் அவர் மட்டும்? யெவ்கேனி சமியாத்தின் என்ற ரஷ்ய எழுத்தாளர் 'நாம்' நாவலை 1920-21இலேயே எழுதிவிட்டார். கண்ணாடி வீடுகள், பெயருக்குப் பதில் எண்கள். ஆங்கிலத்தில் 1924இல் வந்தது. அவருடைய சொந்த நாட்டில் அச்சேற 1988 ஆனது. ஆர்வெல் அதைப் படித்து 1946இல் மதிப்புரையும் எழுதினார். காரின் போயே 1940இல் சுவீடிஷ் மொழியில் எழுதிய 'கல்லோகைன்' ஆங்கிலத்துக்கு வந்தது 1966இல். அதற்குள் அந்த நாற்காலியில் ஆர்வெல் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதியது ஆங்கிலத்தில். 1949இல் '1984' வந்தபோது பனிப்போர் சூடு. அவருடைய 'விலங்குப் பண்ணை'யை 1954இல் கார்ட்டூன் படமாக எடுக்க அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது. பாவம், போயேவுக்கு யார் கொடுப்பார்கள்?

இன்னொன்று, சொற்கள். '1984'இல் எல்லோரையும் கண்காணிக்கும் தலைவரின் பெயரான 'பிக் பிரதர்' 1999இல் டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகி, பிறகு நமக்கு பிக் பாஸ் ஆகி வந்தது. வீட்டில் அம்மா ஆர்வெலை அறியாமலேயே தினமும் அவர் சொல்லைத்தான் சொல்கிறார்.

ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நம் ஊரில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது என்பது என் கட்சி. அங்கே அடி உதை அதிகம் இல்லை. சோமா மாத்திரை கொடுத்துச் சிரிக்க வைத்தே ஆள்கிறார்கள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு கம்பெனியுடையது, விடியலில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, சாயங்காலம் கள்ளுக்கடை. '1984' மட்டும் அந்நியமா என்ன? 1948 ஜூனில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டது இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது, அடையாள அட்டை வந்தது. அடுத்த ஜூனில் '1984' லண்டனில் வெளியானபோது நம் தாத்தாக்கள் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ரப்பர் பால் வெட்டப் போனார்கள். இதை எழுதுங்களேன் ஒரு கட்டுரையில்! ஏழு பேரில் ஒருவராவது?

இனிமேல் சோமாவை ஆர்வெல் தலையில் கட்டாதீர்கள். பொய் நிறைந்த காலத்தில் உண்மை பேசுவதே புரட்சி என்று வாட்ஸ்அப்பில் அவர் படத்தோடு சுற்றுகிறதே, அது அவர் எழுத்தில் எங்கும் இல்லை. கட்டுரையில் கண்டால் சிவப்பு மைதான். பெற்றோரே, வழிகாட்டி நூலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆர்வெல் இறந்தது 1950இல். ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டு என்பது நம் நாட்டுக் காப்புரிமைக் கணக்கு. அவர் எழுதியவற்றை இங்கே இலவசமாகவே படிக்கலாம். தடிமனைக் கண்டு பயமென்றால் 'விலங்குப் பண்ணை'யில் தொடங்குங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஃபாஸ்டர் கதையை ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒரே கேள்விதான்: ஆகாயக் கப்பலில் அந்தத் தாய் பணிப்பெண்மீது ஏன் எரிந்து விழுந்தாள்?