கருங்கல்லுக்கு ஏன் மென்மையான டிஸ்க்?

பழைய லயன் வீடொன்றில் புதிதாகக் கதவு வைக்கப் போகிறவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் துரைமார் காலத்தில் எழுப்பிய லயன்களின் சுவர் பல இடங்களில் கருங்கல். சுண்ணாம்புச் சாந்திலோ வெறும் மண் சாந்திலோ அடுக்கியது. அதன்மேல் பிற்காலத்துச் சீமெந்துப் பூச்சு. பின்பக்கம் குசினியை நீட்டியவர்கள் சீமெந்துக் கல்லால் கட்டியிருப்பார்கள். யன்னலுக்கு மேலே கம்பி வைத்த கொங்கிரீட் லிண்டல் ஓடும். ஒரே சுவருக்குள் இத்தனை பொருள்கள் இருக்க, வெட்ட வருகிறவரின் கையில் இருப்பதோ கொங்கிரீட் கட்டரில் மாட்டும் ஒரே ஒரு டிஸ்க். அரை மணி நேரத்தில் அது வெட்ட மறுக்கிறது. கடைக்காரர் போலிச் சரக்கை விற்றுவிட்டார் என்று ஏச்சு கிளம்புகிறது.

பல நேரங்களில் கடைக்காரர்மேல் பிழையில்லை. "அண்ணே, நல்ல டயமன்ட் டிஸ்க் ஒன்று தாருங்கள்" என்று கேட்டால் விலை கூடியதை எடுத்து நீட்டத்தான் செய்வார். "எதை வெட்டப் போகிறாய், தம்பி?" என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் அந்தக் கடையை விடக் கூடாது. டிஸ்க்கில் பொதுவான நல்லது, கெட்டது என்று அதிகமில்லை. எதை வெட்டுகிறோம் என்பதை வைத்தே அது நல்லதாகிறது.

மரம் அறுக்கும் வாளுக்குக் கூரிய பல் உண்டு. அது நாரைச் செதுக்கி எடுக்கிறது. கொங்கிரீட் கட்டரின் வட்டில் அப்படியொரு கூர் எங்கும் இல்லை. நடுவில் உருக்குத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி, தகட்டைவிடச் சற்றுத் தடித்த உலோகத் துண்டுகள். வேலையாட்கள் இவற்றைத்தான் பல் என்கிறார்கள். கோபால்ட், இரும்பு, வெண்கலம் போன்ற உலோகங்களின் தூளில் பொடி வைரங்களைக் கலந்து, அழுத்திச் சூடாக்கி இறுகவைத்தால் இந்தப் பல் கிடைக்கும். வைரம் என்றதும் இரத்தினபுரியை நினைக்க வேண்டாம். இது தொழிற்சாலை வைரம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் 1954இல் செய்துகாட்டிய முறைதான் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறது. கரியத்தை வளிமண்டலத்தைப் போல 50,000 மடங்குக்கும் கூடிய அழுத்தத்தில், 1,300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி வைரமாக்குகிறார்கள்.

கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் கல்சைட்டுக்கு 3, கருங்கல்லில் நிறைந்த பெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7, வைரத்துக்கு 10. ஆகவே பல்லிலிருந்து துருத்தி நிற்கும் ஒவ்வொரு வைரமும் கல்லைக் கீறி நொறுக்கிக்கொண்டே போகிறது. நடப்பது அறுப்பு அல்ல, மிக வேகமான அரைப்பு. ஓடும் திசைக்குப் பின்புறமாக ஒவ்வொரு வைரத்துக்கும் ஒரு சிறு உலோக வால் எஞ்சி நின்று அதைத் தாங்கும். டிஸ்க்கில் அம்புக்குறி போட்டிருப்பது இதனால்தான். திருப்பி மாட்டினால் வைரங்கள் தாங்கலின்றிக் கழன்றுவிடும்.

இனித்தான் விஷயம் தலைகீழாகிறது. வேலை செய்யச் செய்ய வைரத்தின் முனை மழுங்குகிறது. மழுங்கியது உதிர்ந்து, உள்ளே புதைந்திருக்கும் அடுத்த வைரம் வெளியே வர வேண்டும். அதற்கு வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம், அதாவது பிணைப்பு, தேய வேண்டும். தேய்ப்பது யார்? வெட்டும்போது வரும் கல்தூள்தான். சீமெந்துக் கல்லை வெட்டினால் சொரசொரப்பான மணல் கொட்டும். அது உலோகத்தை வேகமாக அரித்துவிடும். உலோகம் மென்மையாக இருந்தால் வைரம் முழுதாக உழைக்குமுன்பே உதிர்ந்துபோய், புது டிஸ்க் ஒரே நாளில் கரைந்துவிடும். அடர்த்தியான கருங்கல்லில் வருவதோ மாவு போன்ற நுண்தூள். அது உலோகத்தை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. உலோகம் கடினமாக இருந்தால் மழுங்கிய வைரங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க, பல்லின் முகம் பளபளவென்று மினுங்கிவிடும். டிஸ்க் சுற்றும், சூடேறும், வெட்டாது. எனவே கடினமான கல்லுக்கு மென்மையான பிணைப்பு, மணல் கூடிய மெத்தென்ற பொருளுக்குக் கடினமான பிணைப்பு. உறையில் கிரனைட், கொங்கிரீட், செங்கல், தார் என்று பிரித்து அச்சிட்டிருப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

மலையகத்தில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. நம் மலைகள் நிற்கும் நிலத்தைப் புவியியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்கிறார்கள். பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள்: சார்னோக்கைட், நைஸ், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குப் பட்டைகள். வீதியோரத்தில் உடைத்து அடுக்கிய கருங்கல் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் நிறைந்தது. மாத்தளை, திகனைப் பக்கத்துப் பளிங்கு இதைவிட மிக மெத்தென்றது. சுண்ணாம்புக்காகச் சூளையில் சுடும் கல் அதுதான். இரண்டையும் கல் என்ற ஒரே பெயரில் சொல்லி ஒரே டிஸ்க்கை வாங்கினால் ஏதோ ஒன்று நம்மை ஏமாற்றும்.

மினுங்கிப்போன டிஸ்க்கை எறிய வேண்டாம். மட்டமான சீமெந்துக் கல் ஒன்றில் ஆழமில்லாமல் சில கீறல் போட்டால் மணல் உலோகத்தைச் சுரண்டி, புது வைரம் தலைகாட்டும். அனுபவமுள்ள மேசன்மார் காரணம் தெரியாமலே இதைச் செய்வதுண்டு.

அளவைத் தேர்ந்தெடுப்பது எளிது. டிஸ்க்கின் நடுப்பகுதியைப் பிடிமானத் தட்டும் இயந்திரத்தின் தலையும் அடைத்துக்கொள்வதால் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழம்தான் கிடைக்கும். 4 அங்குல டிஸ்க் சுமார் 30 மில்லிமீற்றர், 9 அங்குலம் சுமார் 65, 14 அங்குலம் சுமார் 120. வயர் குழாய்க்குத் தடம் வெட்ட 4 அங்குலம் தாராளம். 6 அங்குலச் சீமெந்துக் கல் சுவரை 9 அங்குலத்தால் இரு பக்கமும் வெட்டினால் நடுவில் விரல் தடிப்புத்தான் மிஞ்சும், உளி பார்த்துக்கொள்ளும். 14 அங்குலத்தை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே புத்தி.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது: காப்பு மூடியைக் கழற்றிவிட்டுச் சிறிய கிரைண்டரில் பெரிய டிஸ்க் மாட்டுவது. 9 அங்குல டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 6,600 சுற்று என்று எழுதியிருக்கும். விளிம்பின் வேகம் வினாடிக்கு 80 மீற்றர், அதாவது மணிக்கு 288 கிலோமீற்றர். அந்த 80தான் பொதுவான உச்ச வரம்பு. 11,000 சுற்றில் ஓடும் சிறிய கிரைண்டரில் 7 அங்குலத்தை மாட்டினால் வேகம் வினாடிக்கு 100 மீற்றரைத் தாண்டும். டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். பிய்ந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

மின்சாரமா பெற்றோலா என்ற கேள்விக்கு மலை தன் பங்குக்கு ஒரு பதில் சொல்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை இழுத்து எரிக்கும் பெற்றோல் இயந்திரம் அதே அளவில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். மின் மோட்டருக்கு எரிக்கக் காற்று தேவையில்லை. குளிரவைக்கும் காற்று மட்டும் கொஞ்சம் மெலியும். பெற்றோல் புகை இல்லாததால் அறைக்குள் வெட்டவும் மின்சாரக் கட்டரே ஏற்றது. ஆனால் அதைச் சிறிய பெற்றோல் ஜெனரேட்டரில் ஓட்டினால் இழப்பு பின்வாசலால் வந்துவிடும். கொழும்பில் தாங்கிய ஜெனரேட்டர் கந்தப்பளையில் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லயனில் நான்கு வீடு தள்ளி மெல்லிய வயர் இழுத்து வேலை செய்வதும் மோட்டருக்கு யமன்தான். 2,400 வாட் கட்டர் 230 வோல்ட்டில் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 50 மீற்றர் நீட்டினால் போய்வரும் பாதையின் தடை சுமார் 2 ஓம். 20 வோல்ட் வயரிலேயே தொலைந்து, 200 வாட் வெப்பமாகிவிடும். சுருளை முழுக்கப் பிரிக்காமல் விட்டால் அந்த வெப்பத்தில் வயரின் மேலுறை இளகும். வோல்ட் குறைந்தால் சுற்று குறையும். வெட்டவில்லையே என்று ஆள் அமுக்குவார். மின்னோட்டம் கூடி, கார்பன் பிரஷ் பொறி தட்டி, கடைசியில் எரிந்த மணம் வரும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 8 வோல்ட்டுக்குள் அடங்கும். அமுக்குவதை எப்படியும் தவிர்க்க வேண்டும். கட்டரின் சொந்தப் பாரமே போதும். இரைச்சல் தடித்து இறங்கினால் கையைத் தளர்த்த வேண்டும். மோட்டர் அந்த மொழியில்தான் முறையிடும்.

இனித் தண்ணீர். வைரம் காற்றில் 700 பாகையைத் தாண்டினால் கெடத் தொடங்கும்; தண்ணீர் அந்தச் சூட்டை அடக்கும், தூசியையும் அடக்கும். நனைத்து மட்டும் வெட்ட வேண்டிய டிஸ்க்குகளில் பல்லை வெள்ளிப் பற்றாசால் ஒட்டியிருப்பது வழக்கம். அவற்றை உலர்வாக ஓட்டினால் பற்று இளகிப் பல் தெறிக்கும். உலர்வெட்டுக்கு லேசரால் பற்றவைத்தவை வேண்டும். அவற்றையும் சில நொடிக்கொரு முறை வெளியே எடுத்து வெறுமனே சுற்றவிட்டு ஆற வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் வழக்கமாகக் காணும் காட்சி வேறு. ஒருவர் சாதாரணக் கிரைண்டரைப் பிடித்திருப்பார். மூடியில் ஆணியால் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலை அமுக்கியபடி உதவியாள் பக்கத்தில் நிற்பார். தண்ணீர் டிஸ்க்கில் விழுந்து, விசிறடித்து, கிரைண்டரின் காற்றுத் துவாரத்துக்குள் போகும். உள்ளே இருப்பது 230 வோல்ட். வெளியே ஈரக் கையும் ஈரத் தரையும். நீர்க்குழாய் பொருத்தித் தயாரித்த கட்டரில் மட்டுமே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதையும் 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் இணைக்க வேண்டும். தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கி, விழுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

உலர்வாக வெட்டினால் தூசி பெரிய வில்லன். மணலிலும் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. 4 மைக்ரோனுக்கு (மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்ததில் நான்கு பங்கு) குறைந்த துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்கும், அதுதான் சிலிக்கோசிஸ். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் இருக்கும் காற்று சுமார் 27 கன மீற்றர். ஆகவே அந்த அறையில் 1.4 மில்லிகிராம் நுண்சிலிக்கா மிதந்தாலே எல்லை வந்துவிடுகிறது. 3 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர் தடம் வெட்டினால் உண்டாகும் தூள் 200 கிராம். அதில் நுண்துகள் சிறு பங்குதான் என்றாலும் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிகிறது. மூக்கில் கட்டும் துவாய் இந்தத் துகளுக்குத் தடையே இல்லை. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் வேண்டும், தூசி உறிஞ்சி இருந்தால் இன்னும் நல்லது. குளிருக்கும் மிஸ்ட்டுக்கும் பயந்து யன்னலைச் சாத்திக்கொண்டு வெட்டுவதைப் போன்ற மடமை வேறில்லை.

சுவரில் வாசல் திறக்கும்போது டிஸ்க் கவ்விக்கொள்வது இன்னோர் ஆபத்து. கீழே வெட்டு விழுந்ததும் மேலே உள்ள பாரம் இறங்கி வெட்டு வாயை நெருக்கும். அகப்பட்ட டிஸ்க் கட்டரையே ஆளை நோக்கி உதைத்துத் தள்ளும். முதலில் முட்டுக் கொடுத்து, மேலே லிண்டல் வைத்து, பிறகே வாசலை வெட்ட வேண்டும். சிறு சிறு ஆழமாக, நேர்கோட்டில், டிஸ்க்கின் தளத்துக்கு ஒரு பக்கமாக நின்று. மண் சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவரென்றால் என் கட்சி கட்டருக்கு எதிரானது. அங்கே கல்லைப் பிடித்திருப்பது சாந்தல்ல, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பாரம். அதிர்வில் எந்தக் கல் எப்போது உருளும் என்று தெரியாது. பூச்சை மட்டும் கட்டரால் கீறிவிட்டு, மேலிருந்து கல் கல்லாகக் கழற்றுவதுதான் வழி.

தோட்டத்துக் கொங்கிரீட் வீதிகளில் கட்டருக்கு வேறொரு வேலை உண்டு. கொங்கிரீட் இறுகும்போது சுருங்கும். நாம் கோடு வெட்டாவிட்டால் அது தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும். தடிப்பில் கால் பங்கு ஆழம் வெட்டினால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். சமவெளியில் வார்த்த அன்றே வெட்டத் தயாராகும் கொங்கிரீட், குளிரில் மெதுவாக இறுகுவதால் நுவரெலியாவில் கூடுதல் நேரம் கேட்கும். அவசரப்பட்டால் ஓரம் பொரிந்து உதிரும். இளங் கொங்கிரீட்டின் மணல் நன்றாக அரிக்கும் என்பதால் இங்கே கடினப் பிணைப்பு டிஸ்க்.

நனைத்து வெட்டும்போது வழியும் சாம்பல் நிறக் குழம்பைக் கானுக்குள் விடுவதுதான் வழக்கம். தேயிலைக்கு pH 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண் வேண்டும். சீமெந்துக் குழம்பின் pH 12ஐத் தொடும், அது கடுங்காரம். கான் வழியே அது தேயிலை வேருக்கும் போகும், பீலித் தண்ணீருக்கும் போகும்; வெறுங்கையில் பட்டால் தோலும் வேகும். மண்ணால் சிறு அணை கட்டிக் குழம்பை வாளியில் அள்ளி ஓரிரவு வைத்தால் தூள் அடியில் படியும். காய்ந்த அடையை நிரப்புக் கல்லோடு சேர்த்துவிடலாம். மேலே தெளிந்து நிற்பதும் காரத் தண்ணீர்தான் என்பதால் அதையும் ஊற்றிவிடாமல் மறுநாள் சாந்து குழைக்கப் பயன்படுத்தலாம்.