கள்ளுக்கடைக் கணக்கும் கஞ்சாச் சட்டமும்

"இருபது கிராம்னா எவ்வளவு சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்தில், மகன்மீது சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லயம் எனும் தோட்டக் குடியிருப்பை விட்டு வெளியேறி, தாமான் எனும் வீடமைப்புப் பகுதி வீட்டு வாசலில் காலை வேளையில் தோசையும் நாசி லெமாவும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே சிறிது யோசித்து, "ரெண்டு கரண்டி கடுகு இருக்குமா?" என்றார். ஏறக்குறைய அவ்வளவுதான்.

மகனுக்கு வயது 23, தொழிற்சாலையில் வேலை. சாலைத் தடுப்புச் சோதனையில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் கிடைத்த கஞ்சாப் பொட்டலம், இரசாயனத் துறை அறிக்கையின்படி 21 கிராமுக்குச் சற்று அதிகமாக இருந்தது. 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தில் 20 கிராமுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால், 6-ஆம் பிரிவின்கீழ் நீதிபதி அபராதத்தோடு விட இடமுண்டு. 20 கிராமைத் தொட்டுவிட்டால் 39ஏ பிரிவு வந்துவிடுகிறது; குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறை, கூடவே மூன்றிலிருந்து ஒன்பது வரை ரோத்தான் எனும் பிரம்படி. அந்த ஒன்றிரண்டு கிராம், அதாவது ஒரு சிட்டிகை, ஒருவனுடைய முதுகெலும்புக்குக் கீழே ஆயுள் முழுவதும் நிற்கும் தழும்பாக மாறுகிறது. 50 கிராம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. 200 கிராமை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை என்றிருந்த நிலை 2018-இல் ஓரளவு தளர்ந்து, 2023 ஜூலை 4 முதல் முழுமையாக நீங்கியது. ஆயினும் தூக்கா, ஆயுள் சிறையும் பிரம்படியுமா என்ற தெரிவுதான் இன்றும் நீதிபதியின் கையில் இருக்கிறது.

இத்தனை நுணுக்கமாக எடை போடும் இந்தச் சட்டம், பொட்டலத்தில் இருப்பதன் வீரியம் என்ன, அதில் வேறு எது கலந்திருக்கிறது, பிடிபட்டவன் பழகிப்போனவனா, வாரக் கடைசியில் ஒருமுறை இழுப்பவனா என்று கேட்பதில்லை. செடியின் எந்தப் பகுதியானாலும் பிசின் இருப்பது தெரிந்தால் போதும். எவ்வளவு பிசின் என்பது பொருட்டில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்துக்கு நடந்து தேய்ந்த காலணியோடு சொல்கிறேன்: கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்து, அரசே கட்டுப்படுத்தி விற்று, அதற்கு வரி விதிப்பதே தற்போதைய நிலையைவிட நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

இதை எங்கள் ஆலய நிர்வாகத்தில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொண்டார். "தம்பி, கள்ளுக்கடை நம்ம ஆளுங்கள என்ன பாடு படுத்துச்சுன்னு உனக்குத் தெரியாது. அதுவும் கவர்மெண்டு அனுமதியோடதான் நடந்துச்சு." இந்த விவாதத்தில் நான் கேட்டவற்றுள் மிக வலுவான எதிர்வாதம் இதுதான் என்பதால், இதைத் தாண்டாமல் மேலே போக எனக்கு உரிமையில்லை.

அவர் சொன்னது உண்மை. காலனித்துவ மலாயாவில் கள் தடை செய்யப்பட்ட பொருளன்று; தோட்டத்து எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்ற கடையில் விற்கப்பட்டது. கூலி கொடுத்த கையே கள்ளையும் ஊற்றிக் கொடுத்து, கொடுத்த கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். போர் முடிந்தபின் 1947-இல், இதே பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள், போலீசார் அடக்குமுறையை ஏவினார்கள், உயிரும் போனது. அபினின் கதை இன்னும் பெரிது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அபினிலிருந்தே பெற்றது. 1910-இல் குத்தகைதாரர்களை விலக்கிவிட்டு அரசே அந்த வணிகத்தை ஏற்றது. அவ்வளவு வருமானம் வரும் பழக்கத்தை மக்கள் விட்டுவிட வேண்டும் என்று எந்தக் கருவூல அதிகாரி மனதார விரும்பியிருப்பார்?

ஆனால் அன்று மக்களைக் கெடுத்தது சட்ட அனுமதியா, விற்றவன் யார் என்பதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விற்பனை கூடக்கூட இலாபம் கூடும் இடத்தில் அமர்ந்திருந்தவரே கடையை நடத்தினார். குடிக்காதே என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இன்றைய தடையும் அதே ஏற்பாட்டைத்தான் வேறு கைக்கு மாற்றியிருக்கிறது. செம்பனைக் காட்டு ஓரத்தில் பொட்டலம் விற்பவன் வாங்குபவனின் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கும் விற்பான். கஞ்சா இல்லாத நாளில் "இத இழுத்துப் பாரு" என்று சியாபு எனும் மெத்தாம்பெட்டமைனை நீட்டுவான். என்னிடம் வரும் குடும்பங்களைச் சிதைத்திருப்பது பெரும்பாலும் இந்தச் சியாபுதான். கஞ்சாவையும் அதையும் ஒரே கடையில், ஒரே ஆளிடம் வாங்கும்படி வைத்திருப்பது நம் தடைச் சட்டம்.

தடை தவிர வேறு வழியே இல்லை என்பாருக்கு ஒரு பழைய செய்தி. 1893-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, ஒரே செடியிலிருந்து வரும் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்த ஆணையம், அளவான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, மிகைப் பயன்பாடே கேடு என்று 1894-இல் அறிக்கை அளித்தது. முழுத் தடை தேவையில்லை. சாகுபடியை உரிமத்துக்குள் கொண்டுவந்து, கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு கட்டி, போதிய வரி விதித்தால் போதும் என்றது. நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்து ஆவணம் அது.

இன்றைய உலகிலும் முன்மாதிரிகள் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே தரமல்ல. எல்லை தாண்டினால் ஹாட்யாய் என்பதால், நம்மவர் முதலில் கைகாட்டுவது தாய்லாந்தைத்தான். அங்கே 2022 ஜூன் 9-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விற்பனையை முறைப்படுத்தும் முழுமையான சட்டத்தை மட்டும் இயற்றவில்லை. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கினார்கள். அதைக் கட்டுப்பாட்டின் தோல்வி என்று சொல்வது தவறு. அங்கே முறையான கட்டுப்பாடு இருக்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் தனியார் கடைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2012-இல் வாக்களித்தபோதே, உற்பத்தி வரியில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலர் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று எழுதி வைத்த முறையை மெச்சுகிறேன். கட்டட நிதிக்காக விருந்துச் சீட்டு விற்று அலையும் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளி வாரியத்தினருக்கு அதன் பொருள் புரியும்.

எனக்கு ஏற்புடையது கனடாவின் கியூபெக் மாநிலத்து வழி. 2018 அக்டோபர் 17-இல் கனடா கஞ்சாவை அனுமதித்தபோது, கியூபெக் சில்லறை விற்பனையை முழுக்க அரசு நிறுவனம் ஒன்றிடமே கொடுத்தது. 2020 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பனை இல்லை. விற்பவர் மாதச் சம்பளக்காரர். அதிகம் விற்றால் அவருக்கு ஒரு காசும் கூடாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைப் போல வீரியத்துக்கு ஏற்ப வரியை உயர்த்தினால், மென்மையானது மலிவாகவும் கடுமையானது விலை கூடியதாகவும் இருக்கும். விளம்பரம் அறவே கூடாது. வரிப்பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல், போதை மறுவாழ்வுக்கும் பள்ளிகளுக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அபின் காலத்து அரசின் ஆசை திரும்பவும் தலைதூக்கும்.

கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. வளரும் பருவத்தில் அடிக்கடி பயன்படுத்துவோருக்கும், மனநோய் மரபு உள்ள குடும்பத்தினருக்கும் அது மனச்சிதைவுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது. இழுத்துவிட்டு லாரி ஓட்டுபவன் பிறர் உயிருக்கும் ஆபத்து. வயது வரம்பும் வீரிய வரம்பும் வேண்டும் என்பதற்கு இவையே காரணம். காட்டோர வியாபாரியிடம் இரண்டும் கிடையாது.

சட்டம் மாறும்வரை இருக்கிற சட்டம்தான் சட்டம் என்பதால், பெற்றோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். போதைப்பொருள் உள்ள பை உங்கள் மகன் கையில் இருந்தாலே, அவன் அதை அறிந்தே வைத்திருந்தான் என்று 37-ஆம் பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. ஆகவே நண்பனின் பையை, "சும்மா வெச்சிரு" என்று கொடுத்தாலும், வாங்கக் கூடாது. கஞ்சாவின் தடயம் சிறுநீரில் பல நாட்கள், பழகியவருக்கு வாரக்கணக்கில்கூடத் தங்கும். ஹாட்யாயில் சனிக்கிழமை தின்ற மிட்டாய் அடுத்த வாரச் சோதனையில் இங்கே காட்டிக்கொடுக்கும். கைது செய்யப்பட்டால் காரணத்தை அறியவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், தடுப்புக் காவல் விண்ணப்பத்தின்போதே ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை; வெட்கம்.

அந்த அம்மாவின் மகனுக்காக, குற்றச்சாட்டை 6-ஆம் பிரிவுக்குக் குறைக்கும்படி அரசுத் தரப்புக்கு மனு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை, தோசை வியாபாரம் முடிந்ததும், மாவு காய்ந்த கையோடு படியேறி வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.