ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்

"ரைடிங் ஜாக்கெட் போட்டிருந்தேன் டாக்டர், அப்படியும் கை எப்படி உடைஞ்சுது?"

ஏலகிரி மலைப்பாதையில் வண்டி சறுக்கி எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் மாவுக்கட்டு போட்டபடியே பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவர் போட்டிருந்தது நல்ல ஜாக்கெட்தான். தோளிலும் முழங்கையிலும் அடியைத் தாங்கும் பேட், அதுவும் உயர்ந்த தரமான லெவல் 2. விலை ஐந்து இலக்கம். (வீங்கிய கையிலிருந்து கழற்ற முடியாமல் கத்தரிக்கோலை எடுத்தபோது, உடைந்த எலும்பைவிட ஜாக்கெட்டுக்காகத்தான் அதிகம் துடித்தார்.) ஆனால் முழங்கையின் மேல் இருக்க வேண்டிய பேட், கை மடியும் பக்கத்துக்குச் சுழன்று போயிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அடி முழுவதையும் முழங்கை நுனி எலும்பே வாங்கியிருந்தது.

எம் சைஸ் உடம்புக்கு எல் சைஸ் ஜாக்கெட். ஏன் என்று கேட்டேன். "லூஸா இருந்தா காத்து வரும்ல சார்."

இந்தக் காற்றுக் கதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு சைஸ் பெரிய யூனிஃபார்ம் எடுத்து, "அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சட்டைக்கு அது சரி. ரைடிங் ஜாக்கெட்டுக்குச் சரிவராது. காற்று வருவது மெஷ் துணியின் ஓட்டை வழியாக. உடம்போடு ஒட்டியிருந்தாலும் மெஷ் வழியாகக் காற்று வரும். தொளதொளவென்று இருந்தால் துணி படபடவென்று அடித்துக்கொண்டு தோள்தான் வலிக்கும்.

விழும்போது நடப்பதைப் பாருங்கள். உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ரோடு துணியைப் பிடித்து இழுக்கிறது. ஜாக்கெட்டின் லூசான கை முறுக்கிக்கொள்ள, பேட்டும் அதோடு சுற்றிவிடுகிறது. இடுப்புப் பக்கம் ஜாக்கெட் விலாவரை ஏறி, வயிறும் முதுகும் தாரில் தேய்கின்றன. பேட் கம்பெனிக்காரர் சொல்லும் எண்கள் பொய் இல்லை. ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரப்படி பேட்டை ஒரு இரும்பு அடைகல்லின் மேல் வைத்து 50 ஜூல் ஆற்றலோடு எடையைப் போடுவார்கள். லெவல் 1 என்றால் உள்ளே கடக்கும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனைத் தாண்டக்கூடாது, லெவல் 2 என்றால் 20. அந்த அடைகல் இருக்கும் இடத்தில் உங்கள் எலும்பு இருந்தால்தான் இதெல்லாம் பொருந்தும். இடம் மாறிய லெவல் 2 பேட்டைவிட இடத்தில் நிற்கும் லெவல் 1 பேட் எவ்வளவோ மேல்.

"மெதுவாத்தான் போனேன்" என்பது அடுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். சாதாரண ஜீன்ஸ் தாரில் ஒரு நொடி தாங்கினாலே பெரிய விஷயம்.

கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்குவதை விடுங்கள். ஜிப்பை மேல்வரை போட்டு, வண்டியில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் நிலையில் கையை நீட்டுங்கள். இப்போதும் மணிக்கட்டு எலும்பு மூடியிருக்க வேண்டும். கூட வந்தவரை முழங்கை பேட்டைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். நுனி எலும்பை விட்டு நகர்ந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். மழைக்காக உள்ளே மாட்டும் லைனர் துணியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் லைனர் இல்லாமல்தான் ஓட்டப்போகிறீர்கள். லைனரோடு கச்சிதமாக இருந்தது அது இல்லாமல் தொளதொளத்துவிடும். முன்கையிலும் புஜத்திலும் இறுக்கிக்கொள்ள வார் வைத்துத்தான் தைக்கிறார்கள், தயவுசெய்து இறுக்குங்கள். அதற்காக மூச்சுத் திணறும் சைஸும் வேண்டாம். கை மரத்துப் போனால் பிரேக் பிடிக்க முடியாது. கடைக்காரர் முறைத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஜாக்கெட்டின் முதுகுப் பக்க உள்பையில் கையை விட்டுப் பார்க்கவும். பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது வெறும் ஸ்பாஞ்ச். முதுகுக்கான பேட் என்றால் அதில் ஈ.என். 1621-2 என்று அச்சிட்டிருக்கும். துவைத்த பிறகு பேட்டைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பேன்டில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நிற்கும்போது முழங்கால் சில்லுக்கு நேராக பேட்டை வைத்துக்கொள்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்ததும் துணி மேலே இழுத்து, பேட் தொடைக்குப் போய்விடுகிறது. நிற்கும்போது கொஞ்சம் கீழே தொங்குவதாகத் தெரிந்தால்தான் உட்காரும்போது சரியாக வரும். நல்ல பேன்டுகளில் உள்பையை ஏற்றி இறக்க வெல்க்ரோ இருக்கும்.

கிளவுஸ் இல்லாமல் ஜாக்கெட் மட்டும் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கை. அந்தத் தோல் போனால், தொடையிலிருந்து எடுத்து ஒட்டினாலும் பழைய மாதிரி வராது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் கெட்டியான ஸ்லைடர் உள்ளதாக வாங்குங்கள். அது கையை ரோட்டில் சிக்கவிடாமல் வழுக்கவிடும், மணிக்கட்டு தப்பும். வாரைப் போட்டுவிட்டு விரல் நுனியைப் பிடித்து இழுங்கள். கழன்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மோதிரம் வீட்டில் இருக்கட்டும்.

ஷூ இரண்டு பக்கக் கணுக்கால் முட்டியையும் மூட வேண்டும். செருப்பைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

பாலியஸ்டர், நைலான் டிராக் பேன்ட், லெக்கிங்ஸ் எல்லாம் தாரில் உரசும் சூட்டில் உருகிப் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் துணுக்குத் துணுக்காகப் பிடுங்கி, பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். விட்டுப்போன கரித்துகள் பச்சை குத்தியது மாதிரி தோலுக்குள்ளேயே நின்றுவிடும்.

எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோலுக்குப் பேர்போன ஊர்கள். அதனால் "ஒரிஜினல் லெதர் சார்" என்று ஃபேஷன் ஜாக்கெட்டோடு வருகிறவர்கள் அதிகம். அது வண்டி ஓட்டத் தைத்தது இல்லை. தோல் மெல்லிசு, தையல் ஒற்றை, முதலில் பிரிவது அந்தத் தையல்தான். ரைடிங் உடை என்றால் உள் லேபிளில் ஈ.என். 17092 என்றும் ஏ, ஏஏ, ஏஏஏ என்று பாதுகாப்பு அளவைச் சொல்லும் வகுப்பும் இருக்கும். ஹெல்மெட்டையாவது 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. ஜாக்கெட் லேபிளைப் படிக்கும் வேலை உங்கள் தலையில்தான்.

வெயில் பிரச்சினை எனக்கும் தெரியும், மே மாத வேலூர்ப் பக்கத்து வெயிலில்தான் நானும் இருக்கிறேன். மெஷ் எடுங்கள், விடியற்காலையில் கிளம்புங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக, பின்னால் உட்காருகிறவர். முன்னால் இருப்பவர் தலை முதல் கால் வரை கவசத்தோடு, பின்னால் மனைவி சுடிதாரும் செருப்புமாக. இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் விழப்போகிறீர்கள். ஆண்கள் அளவில் தைத்த சின்ன சைஸைப் பெண்கள் தலையில் கட்டுவது கடைகளில் சகஜம். தோள் அகலமாகவும் இடுப்பு இறுக்கமாகவும் இருந்து, பேட் புஜத்துக்கு இறங்கிவிடும். பெண்களுக்கென்றே வெட்டிய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் அளவு கேட்டுக்கொண்டு நீங்களே போய் வாங்கி வராமல், அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.