‘கொஞ்சம் தடிப்பாக் கரைச்சனான், டொக்டர்’

இந்த விடுமுறைக்குள் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது போத்தல் இது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், கழுத்தடியில் ஜீவனித் தூள், அதுதான் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்புக் குளுக்கோசுக் கலவை, வெள்ளையாக ஒட்டியிருந்தது. “எத்தனை பக்கற் போட்டனீங்கள்?” என்று கேட்டேன். “ரெண்டு. பிள்ளை நல்லாச் சோர்ந்துபோச்சு, அதான் கொஞ்சம் தடிப்பாக் கரைச்சனான், டொக்டர்” என்றார் தகப்பன். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் கீரிமலையில் குளிக்கப் போய்க் கடல் தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தது.

ஐந்து வயதுப் பெண் பிள்ளை. கனடாவில் இருந்து வந்த பெரியப்பா குடும்பத்தோடு சேர்ந்து, முதுகில் பை, கூடாரம் எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு இரவுக்கு நெடுந்தீவு போயிருக்கிறார்கள். குறிகட்டுவானில் படகேறி மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோ பிடிக்கவில்லை. நடப்பதற்குத்தானே வந்தோம் என்று நடை. ஆவணி வெயில். மறுநாள் காலை பிள்ளைக்குச் சத்தி. ஜீவனி கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்கத் தாகம் கூடியது, வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. என்னிடம் வந்தபோது பிள்ளை துவண்டு கிடக்கவில்லை. சிணுங்கிச் சிணுங்கி அந்தப் போத்தலையே பறிக்கப் பார்த்தது. அந்தத் தாகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போங்கள். நெடுந்தீவுக் குதிரைகளையும் பெருக்க (பாவோபாப்) மரத்தையும் நடந்து போய்ப் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் இந்த ஜீவனி விஷயத்தை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஆட்களுக்கு ஏறுவதில்லை, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன்.

ஜீவனி ரொனிக் இல்லை. கூடப் போட்டால் கூடத் தெம்பு வராது. ஒரு பக்கற், ஒரு லீற்றர் தண்ணீர். அந்த அளவில் கரைத்தால்தான் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து குடலுக்குள் நுழையும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். தடிப்பாகக் கரைத்தால் நடப்பது தலைகீழ். உடம்பில் இருக்கிற தண்ணீர் குடலுக்குள் இறங்கும், வயிற்றோட்டம் கூடும், இரத்தத்தில் உப்பு ஏறும், தாகம் இன்னும் கூடும். பிள்ளை கேட்கிறதே என்று அதே போத்தலை மறுபடி நீட்டுவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். சரியாகக் கரைத்த ஒரு லீற்றரில் சோடியம் 75 மில்லிமோல். அரை லீற்றரில் இரண்டு பக்கற் என்றால் நாலு மடங்கு, லீற்றருக்கு 300. கடல் நீரில் இருக்கிற சோடியத்தில் பாதிக்கு மேல் அது. கடல் தண்ணீரைப் பிள்ளைக்குப் பருக்குவீர்களா? முன்பு இந்தக் கலவையில் சோடியம் 90 ஆக இருந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 75 ஆகக் குறைத்தது, குளுக்கோசையும் குறைத்தது. தடிப்பு நல்லதென்றால் ஏன் குறைக்கப்போகிறார்கள்?

நாங்கள் துண்டில் ஹைப்பர்நெட்ரீமியா என்று எழுதுவோம், பெற்றோரிடம் ‘உப்பு ஏறிப்போச்சு’ என்போம். ஏறிய உப்பை ஒரேயடியாக இறக்கவும் முடியாது, மூளை வீங்கிவிடும். அதனால் சேலைனை மெல்ல மெல்ல ஏற்றி, மணிக்கணக்கு வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் இழுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் வாட்டில் தாய் தூங்கவில்லை. பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டது. வேளைக்கே வந்ததால் தப்பியது.

ஆகவே பைக்குள் ஜீவனி பக்கற் வைக்கிற ஆட்கள் ஒரு லீற்றர் போத்தல் ஒன்றும் வையுங்கள். கரைத்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. சோடாவில் கரைக்க வேண்டாம், கரைத்ததைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம். 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள். சத்தி எடுக்கிற பிள்ளைக்குத் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்கு ஈடாகாது.

அப்புறம், “அவ தண்ணி கேக்கேல்லை.” இதையும் எல்லோரும் சொல்கிறார்கள். விளையாட்டு மும்முரத்தில் எந்தப் பிள்ளை கேட்கும்? சோளகக் காற்று வியர்வையைத் தோலிலேயே காய வைத்துவிடும், பிள்ளைக்கு வியர்க்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். கேட்டுக்கொண்டிராமல் கால் மணிக்கு ஒருக்கால் இரண்டு மிடறு குடிக்க வையுங்கள். “கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனவ?” என்று கேட்டால் தாயும் தகப்பனும் ஆளை ஆள் பார்க்கிறார்கள். ஆறு மணித்தியாலம் போகவில்லை என்றால் பயணம் அந்த இடத்தோடு முடிந்தது, திரும்புங்கள்.

நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். தண்ணீரைக் கரையில் இருந்தே கொண்டுபோங்கள், அதைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும். 18 கிலோப் பிள்ளையின் முதுகில் 1.8 கிலோவுக்கு மேல் வேண்டாம், கரடிப் பொம்மையையும் சேர்த்துத்தான். பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரை நடை இல்லை. மத்தியானம் கூடாரத்துக்குள் பிள்ளையை நித்திரையாக்குவதும் பூட்டிய வாகனத்துக்குள் விடுவதும் ஒன்று. வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளை என்றால் வந்த கிழமையே கிளம்பாதீர்கள், உடம்பு இந்த வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும்.

உடம்பு கொதித்து, கூப்பிட்டால் பிள்ளை தடுமாறி மறுமொழி சொன்னால் பனடோலைத் தேடாதீர்கள். வெயில் ஏற்றிய சூட்டைப் பனடோல் இறக்காது. நிழலில் கிடத்தி, உடுப்பைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தீவில் என்றால் அங்குள்ள வைத்தியசாலைக்கு உடனே. இரவில் ரோச் இல்லாமல், சப்பாத்து இல்லாமல் பிள்ளையை வெளியே இறக்க வேண்டாம், பாம்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

முதல் கூடாரத்தை வீட்டு முற்றத்தில் அடியுங்கள். தயவுசெய்து. இரவு பன்னிரண்டு மணிக்கு அம்மம்மாவிடம் போகவேண்டும் என்று அழுதால் பத்தடி தூரம், படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

போன கிழமை அந்தத் தகப்பன் பிள்ளையைக் காட்ட வந்தார். மார்கழி லீவில் திரும்பப் போகலாமா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த தாய் அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மார்கழியில் கடல் அடிக்கும், படகு ஓடுமோ தெரியாது, மாசியில் போங்கள் என்றேன். பிள்ளை என் மேசையில் இருந்த ஒரு லீற்றர் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது அப்பா தூக்கட்டும்” என்றது.