வளைந்த கால், சுடும் எலும்பு

65 வயதுப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மூட்டுத் தேய்மானம் என்று இரண்டு வருடமாக வலி மாத்திரை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வில்லாக வளைந்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் இடது காலைவிட நன்றாகச் சூடு. வெறும் தேய்மானத்தில் எலும்பு இப்படிச் சுடாது.

பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு 610. 130-க்குள் இருக்க வேண்டியது. பக்கத்தில் யாரோ பேனாவால் 'லிவர்' என்று எழுதியிருந்தார்கள். மற்ற கல்லீரல் அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. இந்த நொதி எலும்பிலிருந்தும் வரும் என்பது இப்படித்தான் மறந்துபோகிறது. எக்ஸ்ரே எடுத்ததும் தெரிந்துவிட்டது: பேஜெட் நோய்.

எலும்பு ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு வகை செல் பழையதை அரித்தெடுக்கும், இன்னொரு வகை அந்த இடத்தை நிரப்பும். இந்த நோயில் அரிப்பு வேகம் பிடித்துவிடுகிறது. நிரப்பும் செல்களும் அவசரத்தில் தாறுமாறாக அடுக்குகின்றன. எலும்பு தடிக்கும், வலு இருக்காது. ரத்த ஓட்டம் கூடுவதால்தான் சூடு. இடுப்பு, முதுகு, தொடை, மண்டை என்று ஒன்றிரண்டு இடங்களில் வரும். மண்டையில் வந்தால் காது மந்தமாகலாம். 1877-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் விவரித்த நோயாளிக்குத் தலை பெருத்து, தொப்பியைப் பெரிதாக்க வேண்டி வந்தது. நம் ஊரில் அரிது. அரிது என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. என் கவலை அதுதான்.

சிகிச்சை உண்டு. எலும்பு அரிப்பைக் கட்டுப்படுத்தும் சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்து 5 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே ஒரு டிரிப்ஸ். பல வருடம் நோய் அடங்கியிருக்கும். ஆனால் அதற்குமுன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்த்தே ஆக வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது மருந்தை ஏற்றினால் கால்சியம் திடீரென்று இறங்கி, வாயைச் சுற்றி மரத்துப்போய் கை கால் இழுக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். டிரிப்ஸுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களில் எல்லோருக்கும் மருந்து தேவைப்படும் என்றில்லை, சிலருக்குக் கண்காணித்தால் போதும். அப்புறம், பாதித்த எலும்பில் புதிதாகக் கடும் வலி வந்தால் தாமதிக்காதீர்கள். முறிவாக இருக்கலாம், மிக அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

டிரிப்ஸ் ஏற்றி ஆறு மாதம் கழித்து பெரியவருக்கு அந்த நொதி அளவு 98. சூடு தணிந்துவிட்டது. வளைவு நிமிரவில்லை, நிமிராது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒரு செருப்பின் அடியை மட்டும் உயர்த்திக் கொடுத்திருக்கிறோம். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்பதால் அடுத்த முறை தம்பியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.