அல்டிகைட்டிலிருந்து அற்ககோலுக்கு, மீண்டும் அல்டிகைட்டுக்கு: நடுவில் நிற்கும் நீர்

உயர்தர வினாத்தாளில் அம்புக்குறிக்கு மேல் தாழ்த்தியின் பெயரை எழுதிவிட்டால், அல்டிகைட்டை அற்ககோலாக்கும் தாழ்த்தல் முடிந்துவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் அந்தத் தாழ்த்தியான சோடியம் போரோஐதரைட்டின் போத்தலைத் திறப்பதிலேயே கவனம் வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரம் படியும். தூள் கட்டிபட்டு, ஐதரசனை மெல்ல வெளிவிட்டு, வீரியம் இழக்கும். போத்தலின் குளிர் விட்ட பிறகு திறந்து, விரைவாக நிறுத்து, மூடிவிட வேண்டும்.

கறுவாப்பட்டை எண்ணெயின் முக்கிய கூறான சினமல்டிகைட்டை எடுத்துக்கொள்வோம். 1.32 கிராமை 10 மில்லிலீற்றர் மெதனோலில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கலக்க வேண்டும். ஒரு மூல் போரோஐதரைட்டு நான்கு ஐதரைட்டுகளைக் கொடுக்கும் என்பதால் கணக்குப்படி 0.095 கிராம் போதும். ஆனால் மெதனோலும் அதைத் தின்னும், சூட்டில் இன்னும் வேகமாக. ஆகவே 0.20 கிராமைச் சிறிது சிறிதாக இடுவது வழக்கம். தாழ்த்தல் நடக்க நடக்கக் கரைசலின் மஞ்சள் வெளிறும்: காபனைல் தொகுதி போவதால் இரட்டைப் பிணைப்புத் தொடர் குறுகுகிறது. நிறத்தை மட்டும் நம்பாமல், எக்சேன், எதைல் அசற்றேற்று 4:1 கலவையில் ரீ.எல்.சி. தட்டு (கலவையின் கூறுகளை மெல்லிய படையில் பிரித்துக் காட்டுவது) ஓட்டிப் பாருங்கள். அற்ககோல் கீழே தங்கும்.

மிகுதி ஐதரைட்டை அழிக்க ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக, நுரை அடங்க விட்டுச் சேர்க்க வேண்டும். வெளிவருவது ஐதரசன், பக்கத்தில் சுவாலை கூடாது. பிறகு எதைல் அசற்றேற்றில் பிரித்தெடுத்து, நீரற்ற சோடியம் சல்பேற்றால் உலர்த்திக் கரைப்பானை ஆவியாக்கலாம். சினமைல் அற்ககோல் உருகுவது 33 பாகையில். கரைப்பான் கொஞ்சம் எஞ்சினாலும் கொழும்பு மதியத்தில் அது எண்ணெயாகவே கிடக்கும். பரிசோதனை பிழைத்ததென்று அதைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கண்ணாடிக் கோலால் சுவரைச் சுரண்டினால் பளிங்காகும்.

இங்கே இன்னும் வீரியமான தாழ்த்தியான இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு தேவையே இல்லை. மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் காபன்-காபன் இரட்டைப் பிணைப்பையும் அது தாழ்த்திவிடும். எசுத்தருக்கோ அமிலத்துக்கோ அது வேண்டுமென்றால் உலர்ந்த கண்ணாடி, உலர்ந்த கரைப்பான், நைதரசன் மூன்றும் அவசியம். கரைப்பானான ஈதர் 35 பாகையில் கொதிப்பதால், ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விடும் ஒடுக்கியில் நம் குழாய்நீர் ஓடினால் அது ஈதரைப் பிடித்து வைக்காது. பனிக்கட்டி நீரைச் சுற்றவிடுங்கள். முடிவில் ஐதரைட்டு ஒவ்வொரு கிராமுக்கும் 1 மில்லிலீற்றர் நீர், 1 மில்லிலீற்றர் 15% சோடியம் ஐதரொட்சைட்டு, 3 மில்லிலீற்றர் நீர் என்ற வரிசையில், குளிரில், மெதுவாகச் சேர்க்க வேண்டும். அப்போது வீழ்படிவு மணலாக வரும். அளவு தவறினால் கூழாகி வடிதாளை அடைக்கும்.

அற்ககோலை மீண்டும் அல்டிகைட்டாக்கும் ஒட்சியேற்றத்தில் நீர் வேறு விதமாகக் கெடுக்கும். உருவாகும் அல்டிகைட்டுடன் நீர் சேர்ந்தால் ஒரே காபனில் இரண்டு ஐதரொட்சில் தொகுதிகள் வரும். ஒட்சியேற்றிக்கு அதுவும் ஓர் அற்ககோல்தான், அமிலம் வரை இழுத்துச் செல்லும். அமில இருகுரோமேற்றுடன் முதல் (primary) அற்ககோல் அல்டிகைட்டில் நில்லாததற்கு இதுவே காரணம். 1975இல் இரசாயனவியலாளர்கள் கோரியும் சக்சும் அறிமுகப்படுத்திய ஒட்சியேற்றியான பீ.சீ.சீ. (பிரிடினியம் குளோரோகுரோமேற்று) நீரில்லா இருகுளோரோமெதேனில் வேலை செய்வதால் அல்டிகைட்டில் நிற்கிறது. 1.34 கிராம் சினமைல் அற்ககோலுக்கு அது 3.2 கிராம் வேண்டும். அதே நிறை செலைற்றை (வடிக்க உதவும் சிலிக்காத் தூள்) கலந்தால் கறுப்புத் தார் குடுவையில் அப்பாது.

சினமைல் அற்ககோலுக்கு மட்டுமென்றால் பீ.சீ.சீ.யைவிட உயிர்ப்பூட்டிய மங்கனீசு ஈரொட்சைட்டே மேல்: குரோமியம் இல்லை, வடித்தால் போதும். ஆனால் இரட்டைப் பிணைப்புக்கோ பென்சீன் வளையத்துக்கோ அடுத்த காபனிலுள்ள அற்ககோல்களில்தான் அது நன்றாக ஓடும். மற்றவற்றுக்குக் குரோமியத்தைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், புற்றுநோயாக்கும் அந்தச் செம்மஞ்சள் கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், அமிலமாக்கி, புகையகற்றிக்குள் சோடியம் இருசல்பைற்று சேர்த்துப் பச்சையாகும்வரை தாழ்த்தி, உலோகக் கழிவுக் கலனில் சேருங்கள்.